மஸ்டா: பிஸ்டன் இல்லாத எஞ்சினை விடாத ஹிரோஷிமா கம்பெனி

டொயோட்டா குழுமம் வருஷத்துக்கு ஒரு கோடி வண்டிகளுக்கு மேல் விற்கிறது. அதே ஜப்பானில் இருக்கும் மஸ்டா விற்பது 12, 13 லட்சம்தான். ஆனால் கார் பைத்தியம் பிடித்த யாரிடமாவது மஸ்டா என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள், அரைமணி நேரத்துக்கு விடமாட்டார்கள். ரோட்டரி என்பார்கள், ஆர்எக்ஸ்-7 என்பார்கள், 1991 லெ மான் என்பார்கள். புதிதாகக் கேட்பவருக்கு தலையும் புரியாது, வாலும் புரியாது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன், எஞ்சினைப் பற்றி எதுவுமே தெரியாது என்று வைத்துக்கொண்டே.

இந்தியாவில் மஸ்டா கார் ஷோரூம் கிடையாது. நமக்குப் பழகிய பெயர் ஸ்வராஜ் மஸ்டா. பஞ்சாப் டிராக்டர்ஸ், மஸ்டா, சுமிடோமோ மூன்றும் சேர்ந்து 1980-களில் ஆரம்பித்த கம்பெனி அது. ஸ்கூல் வேனாகவும் கல்யாண வேனாகவும் சின்ன லாரியாகவும் தமிழ்நாட்டு ரோடுகளில் ஓடியது. பின்னால் மஸ்டா விலகி இசுசூ உள்ளே வந்து, 2011-ல் பெயரும் எஸ்எம்எல் இசுசூ என்று மாறிவிட்டது. அதனால் இங்கே பலருக்கு மஸ்டா என்றால் வேன்தான் ஞாபகம் வரும். இலங்கையில் அப்படி இல்லை, ஃபெமிலியா மாதிரியான மஸ்டா கார்களை அங்கே எல்லோருக்கும் தெரியும்.

சரி, ஆரம்பத்திலிருந்து வருவோம். 1920 ஜனவரியில் ஹிரோஷிமாவில் இந்தக் கம்பெனி தொடங்கியபோது அதற்கும் வண்டிக்கும் சம்பந்தமே இல்லை. டோயோ கார்க் கோக்யோ என்று பெயர். செய்தது பாட்டில் அடைக்கிற கார்க். முதல் உலகப்போரில் வெளிநாட்டு கார்க் வரத்து நின்றதால் உள்ளூர் மரப்பட்டையில் செய்த கார்க்குக்குக் கிராக்கி இருந்தது, போர் முடிந்ததும் அந்தக் கிராக்கியும் போனது. 1921-ல் பொறுப்பேற்ற ஜுஜிரோ மட்சுடா மீனவர் வீட்டுப் பிள்ளை. சிறு வயதிலேயே ஒசாகா போய் கொல்லுப் பட்டறையில் தொழில் பழகியவர். இரும்பு வேலை தெரிந்த மனிதர் கார்க்கோடு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார்? கம்பெனியை இயந்திரத் தயாரிப்புப் பக்கம் திருப்பினார். 1927-ல் பெயரிலிருந்து கார்க் போனது. 1931-ல் முதல் வண்டி வந்தது: முன்பாதி மோட்டார் சைக்கிள், பின்பாதி சரக்குத் தொட்டி என்று இருந்த மூன்று சக்கர லாரி. அதற்கு மஸ்டா-கோ என்று பெயர் வைத்தார்கள். பாரசீகக் கடவுளான அஹுரா மஸ்டாவையும் மட்சுடா குடும்பப் பெயரையும் சேர்த்து நினைத்து வைத்த பெயர் அது. கம்பெனியே மஸ்டா என்று அதிகாரபூர்வமாகப் பெயர் மாறியது 1984-ல்தான்.

1945 ஆகஸ்ட் 6-ஐ விட்டுவிட்டு மஸ்டாவின் கதையைச் சொல்லவே முடியாது. அணுகுண்டு விழுந்த இடத்திலிருந்து தொழிற்சாலை ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தது, நடுவில் ஹிஜியாமா என்ற குன்று ஒன்றும் இருந்தது. நகரம் அழிந்துபோனது, தொழிலாளர்களிலும் பலர் இறந்தார்கள், ஆனால் கட்டடங்கள் நின்றன. அடுத்த நாட்களில் அந்தக் கட்டடங்கள் காயம்பட்டவர்களுக்கு மருத்துவமனை ஆயின; மாநில அரசு அலுவலகமே மறு வருஷம் வரை அதற்குள்தான் நடந்தது. இவ்வளவுக்கும் நடுவில் அந்த டிசம்பரிலேயே மூன்று சக்கர லாரி தயாரிப்பை மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். இடிபாடுகளை அள்ளவும், செங்கல் மரம் ஏற்றவும் அந்த ஊருக்கு வண்டி தேவைப்பட்டது. ஹிரோஷிமாக்காரர்கள் இன்றைக்கும் மஸ்டாவைத் தங்கள் வீட்டுக் கம்பெனி மாதிரி பேசுவதில் எனக்கு எந்த ஆச்சரியமும் இல்லை.

1960-ல் முதல் பயணிகள் கார் வந்தது. ஆர்360 கூப்பே, 356 சிசி எஞ்சின், மொத்த எடையே 380 கிலோ. விற்பனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மேலே வேறொரு மேகம். ஜப்பானில் கார் கம்பெனிகள் அதிகம், வெளிநாட்டுப் போட்டியைத் தாங்க வேண்டுமானால் சின்னதையெல்லாம் பெரியதோடு இணைத்துவிடலாம் என்று அந்நாட்டு வர்த்தக அமைச்சகம் யோசித்துக்கொண்டிருந்தது. அப்போது தலைவராக இருந்தவர் ஜுஜிரோவின் வாரிசு சுனேஜி மட்சுடா. நம்மிடம் மட்டுமே இருக்கிற ஒன்று இருந்தால்தான் தப்பிப்போம் என்று அவர் முடிவெடுத்தார். ஜெர்மனியில் என்எஸ்யு என்ற கம்பெனி, ஃபெலிக்ஸ் வாங்கெல் என்பவரின் யோசனையை வைத்து பிஸ்டனே இல்லாத, ரோட்டரி என்ற ஒரு எஞ்சினைச் செய்துகொண்டிருந்தது. சுனேஜி நேரில் போனார். 1961-ல் ஒப்பந்தம் முடிந்தது.

பிஸ்டன் இல்லாமல் எஞ்சினா?

முதலில் சாதாரண எஞ்சின். ஒரு குழாய், அதற்குள் மேலும் கீழும் போய்வருகிற ஒரு உருளைக் கட்டை. குழாய்தான் சிலிண்டர், கட்டைதான் பிஸ்டன். அது நாலு வேலை செய்கிறது: காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுக்கும், அமுக்கும், எரியும்போது வருகிற அழுத்தத்தில் கீழே தள்ளப்படும், புகையை வெளியே தள்ளும். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. பிஸ்டன் மேலே போனதும் நின்று திரும்ப வேண்டும், கீழே வந்ததும் நின்று திரும்ப வேண்டும். எஞ்சின் நிமிஷத்துக்கு 6000 சுற்று ஓடினால் ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 200 தடவை நின்று திசை மாறுகிறது. அதிர்வெல்லாம் பெரும்பாலும் இதனால் வருவதுதான். போதாக்குறைக்கு இந்த மேல்கீழ் ஆட்டத்தைச் சுழற்சியாக மாற்றக் கனெக்டிங் ராடு, கிராங்க், காற்றைத் திறந்து மூட வால்வு, வால்வை ஆட்டக் கேம் என்று ஏகப்பட்ட உறுப்புகள் வேண்டும்.

சக்கரம் சுற்றத்தானே போகிறது, எஞ்சினுக்குள்ளும் எல்லாமே ஒரே திசையில் சுற்றினால் என்ன? ரோட்டரியின் மூல யோசனை அவ்வளவுதான்.

உள்ளே இருப்பது ஒரு முக்கோண இரும்புத் துண்டு, அதன் பக்கங்கள் நேர்கோடாக இல்லாமல் சமோசா மாதிரி கொஞ்சம் உப்பலாக இருக்கும். இதற்கு ரோட்டர் என்று பெயர். அது சுற்றுகிற கூடு, இடுப்புப் பக்கம் லேசாக இடுங்கிய நீள்வட்டம். ரோட்டர் ஒரே இடத்தில் நின்று சுற்றாது. மையம் தள்ளிய ஒரு தண்டின் மேல் ஏறிக்கொண்டு, நகர்ந்தபடியே சுற்றும். கூட்டின் வடிவத்தை எப்படிக் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்றால், ரோட்டர் எந்த நிலையில் இருந்தாலும் அதன் மூன்று முனைகளும் சுவரைத் தொட்டுக்கொண்டே இருக்கும். அப்போது ரோட்டரின் மூன்று பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவில் மூன்று தனித்தனி அறைகள் கிடைக்கின்றன, இல்லையா? ரோட்டர் சுற்றச் சுற்ற ஒவ்வொரு அறையும் பெரிதாகும், சிறிதாகும், மறுபடி பெரிதாகும், சிறிதாகும். பெரிதாகும்போது காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும், சிறிதாகும்போது அமுங்கும், அங்கே ஸ்பார்க் பிளக் பற்றவைக்கும், எரிந்த வாயு விரிந்து ரோட்டரைத் தள்ளும், கடைசியில் புகை ஓட்டை வழியே வெளியே போகும். அதே நாலு வேலைதான், ஆனால் மூன்று அறைகளும் ஆளுக்கொரு கட்டத்தில் இடைவிடாமல் செய்துகொண்டிருக்கின்றன. வால்வும் வேண்டாம், கனெக்டிங் ராடும் வேண்டாம்; ரோட்டர் கடந்து போகும்போது சுவரில் உள்ள ஓட்டைகள் தானாகவே திறந்து மூடும்.

இன்னொரு விஷயம். ரோட்டர் ஒரு முழுச் சுற்று முடிப்பதற்குள் தண்டு மூன்று சுற்று சுற்றிவிடும். அதாவது தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ரோட்டரிடமிருந்து ஒரு எரிப்பு கிடைக்கிறது. சாதாரண சிலிண்டரில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் கிடைக்கும். ஆர்எக்ஸ்-7 என்ற மஸ்டா ஸ்போர்ட்ஸ் காரின் பிந்தைய தலைமுறைகளில் இருந்த எஞ்சின் தலா 654 சிசி உள்ள இரண்டு ரோட்டர், கூட்டினால் வெறும் 1.3 லிட்டர்; ஆனாலும் அது பெரிய எஞ்சின் மாதிரி இழுத்ததற்குக் காரணம் இதுதான். உருவமும் சின்னது, எடையும் குறைவு, அதனால் வண்டியில் தாழ்வாகவும் நடுவாகவும் பொருத்தலாம். ஓட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் சொல்வது அந்த வழவழப்பை: ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க முக்கல் முனகல் இல்லாமல் சுற்று ஏறிக்கொண்டே போகும், அதற்கு அடுத்து வந்த ஆர்எக்ஸ்-8-ல் அது 9000 வரை போனது.

சாத்தானின் நகக்கீறல்

இவ்வளவு நல்ல எஞ்சின் என்றால் ஏன் உலகமே அதற்கு மாறவில்லை? மஸ்டாவின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

மூன்று முனைகளும் சுவரைத் தொட்டுக்கொண்டே இருக்கும் என்றேன் அல்லவா, அந்த ஒவ்வொரு முனையிலும் ஒரு மெல்லிய பட்டை பதித்திருப்பார்கள். அதுதான் அபெக்ஸ் சீல். ஒரு அறையின் வாயு அடுத்த அறைக்குக் கசியாமல் தடுப்பது அதன் வேலை. நெருப்புக்குள், அதிவேகத்தில், சுவரை உரசிக்கொண்டே போக வேண்டும். ஒப்பந்தம் போட்டு எஞ்சினைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்த்தபோது, கொஞ்ச நேரம் ஓடியதுமே கூட்டின் உள்சுவர் முழுக்க அலை அலையாகக் கீறல் விழுந்தது. அதைத்தான் சாத்தானின் நகக்கீறல் என்று சொன்னார்கள். அதோடு எண்ணெய் கசிந்து வெள்ளைப் புகை, குறைந்த வேகத்தில் உடம்பே ஆடுகிற அதிர்வு. என்எஸ்யுவிடமும் இதற்கெல்லாம் விடை இல்லை.

கெனிச்சி யாமமோட்டோ தலைமையில் 47 பொறியாளர்களை இந்த வேலைக்கென்றே ஒதுக்கினார்கள். ஜப்பானிய வரலாற்றில் தலைவனுக்காகக் கடைசிவரை நின்ற 47 சாமுராய்களின் கதை அங்கே எல்லோருக்கும் தெரியும், அதனால் இவர்களுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கீறலுக்குக் காரணம் சீல் சுவரை அழுத்துவது அல்ல, அது குறிப்பிட்ட வேகத்தில் நடுங்கித் துள்ளுவதுதான் என்று கண்டுபிடித்தார்கள். சீலுக்குள் குறுக்கே துளைபோட்டு அதன் நடுக்கத்தின் வேகத்தை மாற்றியபோது கீறல் மறைந்தது. பிறகு கார்பனில் அலுமினியத்தை ஏற்றிய ஒரு புதுப் பொருளில் சீல் செய்தார்கள். குறைந்த வேக அதிர்வுக்கு, காற்று வரும் ஓட்டையைச் சுற்றுச்சுவரிலிருந்து பக்கச்சுவருக்கு மாற்றினார்கள், ஒரு ரோட்டருக்குப் பதில் இரண்டாக்கினார்கள். 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது: 982 சிசி, 110 குதிரைத்திறன், இரண்டு ரோட்டர் எஞ்சினோடு விற்பனைக்கு வந்த உலகின் முதல் கார். அடுத்த வருஷம் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் 84 மணி நேரப் பந்தயத்துக்கு இரண்டு காஸ்மோவை அனுப்பினார்கள். ஒன்று முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் அச்சு பழுதாகி நின்றது, மற்றது நான்காவதாக வந்தது.

என்எஸ்யுவும் அதே 1967-ல் ஆர்ஓ 80 என்ற ரோட்டரி காரை விட்டது. அழகான கார்தான், ஆனால் எஞ்சின்கள் சீக்கிரமே தேய்ந்துபோய், உத்தரவாதத்தில் எஞ்சின் மாற்றிக் கொடுத்தே கம்பெனி தளர்ந்து, 1969-ல் ஃபோக்ஸ்வாகன் குடும்பத்துக்குள் போய்விட்டது. ஜெனரல் மோட்டார்ஸ், மெர்சிடிஸ், நிஸான் என்று உரிமம் வாங்கிய பெரிய கம்பெனிகளும் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. மிஞ்சியது மஸ்டா.

மஸ்டாவுக்கும் அடி விழாமல் இல்லை. ரோட்டரியின் எரிப்பறை நீளமாகவும் தட்டையாகவும் இருப்பதால் வெப்பம் சுவருக்குப் போய் வீணாகும், கொஞ்சம் பெட்ரோல் எரியாமலே வெளியே வரும். அமெரிக்காவின் புகைச் சட்டத்தைச் சமாளிக்க அந்த எரியாத வாயுவை வெளியே ஒரு அறையில் வைத்து எரித்தார்கள். சட்டத்துக்கு அது போதும், மைலேஜ் மட்டும் இன்னும் விழுந்தது. அந்த நேரம் பார்த்து 1973 எண்ணெய் நெருக்கடி. பெட்ரோல் குடிக்கிற கார் என்று அமெரிக்காவில் பெயராகி விற்பனை சரிந்தது, சுமிடோமோ வங்கி வந்து கைகொடுக்க வேண்டியதாயிற்று. தொழிற்சாலைத் தொழிலாளர்களை வேலையிலிருந்து நிறுத்தாமல், ஆயிரக்கணக்கானோரைக் கார் விற்க ஷோரூம்களுக்கு அனுப்பினார்கள். ரோட்டரியை மூடிவிட அதைவிட நல்ல சாக்கு கிடைத்திருக்காது. அவர்கள் மூடவில்லை. ஃபீனிக்ஸ் என்று பெயர் வைத்து, மைலேஜை 40 சதவீதம் உயர்த்துகிற திட்டத்தில் இறங்கினார்கள். 1978-ல் ஆர்எக்ஸ்-7 வந்தது. மூன்று தலைமுறையாக 2002 வரை ஓடி, மொத்தம் எட்டு லட்சத்துக்கு மேல் விற்றது. கடைசித் தலைமுறையின் உடல்வாகை இன்றைக்குப் பார்த்தாலும் ஒரு கோடு கூடுதல் என்று சொல்ல முடியாது, என்னைப் பொறுத்தவரை ஜப்பானில் செய்த கார்களிலேயே அழகானது அதுதான்.

1991 லெ மானைப் பற்றிச் சுருக்கமாக. பிரான்ஸில் 24 மணி நேரம் விடாமல் ஓட்டுகிற பந்தயம் அது. மஸ்டாவின் 787பி காரில் நாலு ரோட்டர் எஞ்சின், 700 குதிரைத்திறன் அளவு. ஜாகுவாரும் மெர்சிடிஸும் 1000 கிலோவில் ஓட வேண்டியிருக்க, மஸ்டா 830 கிலோவில் ஓட அனுமதி வாங்கியிருந்தது. அந்த வித்தியாசம் பெரியது, அதை மறைக்கத் தேவையில்லை. முன்னால் போய்க்கொண்டிருந்த மெர்சிடிஸ் கடைசி மணி நேரங்களில் பழுதாகி நிற்க, பச்சையும் ஆரஞ்சும் பூசிய 55-ஆம் எண் கார் 362 சுற்று முடித்து ஜெயித்தது. ஓட்டியவர்கள் வைட்லர், ஹெர்பர்ட், கஷோ மூவர். கடைசியில் ஓட்டிய ஜானி ஹெர்பர்ட் உடம்பில் நீர் வற்றிப்போய் பரிசு மேடைக்கே வர முடியவில்லை. லெ மானில் ஜப்பானியக் கார் ஜெயித்தது அதுதான் முதல் முறை. அடுத்தது டொயோட்டா ஜெயிக்க 2018 ஆனது. பிஸ்டன் இல்லாத எஞ்சின் ஜெயித்தது இன்றுவரை அந்த ஒரு தடவைதான்.

ரோட்டரி மட்டும் மஸ்டா இல்லை

மஸ்டாவை நேசிக்கிறவர்களில் பாதிப்பேர் ரோட்டரியை ஓட்டியே இருக்கமாட்டார்கள். அவர்களைப் பிடித்துப்போட்டது எம்எக்ஸ்-5, சிலர் மியாடா என்பார்கள். பிரிட்டிஷ்காரர்கள் செய்த, கூரை திறக்கும் சின்ன இரண்டு சீட்டு கார்கள் 1970-களோடு தேய்ந்துபோயின. பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் யாமமோட்டோவிடம், அதே மாதிரி ஒன்றை ஏன் நீங்கள் செய்யக்கூடாது என்று கேட்டார். பிறகு அவரே மஸ்டாவில் வேலைக்கும் சேர்ந்தார். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் கார் வந்தது. சாதாரண 1.6 லிட்டர் பிஸ்டன் எஞ்சின், எடை 900 கிலோவுக்குக் கொஞ்சம் மேல், பின்சக்கர இயக்கம். குதிரையும் அதன்மேல் இருப்பவரும் ஓருடலாக இருப்பது போல் காரும் ஓட்டுபவரும் இருக்க வேண்டும் என்பதைத்தான் இந்தக் காருக்கு இலக்காக வைத்தார்கள். அதற்காக கியர் மாற்றும் குச்சி எவ்வளவு தூரம் நகர வேண்டும், ஸ்டியரிங் கைக்கு எவ்வளவு கனமாக இருக்க வேண்டும் என்றெல்லாம் உட்கார்ந்து சரிசெய்தார்கள். 2016-ல் பத்து லட்சமாவது எம்எக்ஸ்-5 தயாரானது. உலகத்தில் கூரை திறக்கும் வேறு எந்த இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரும் இவ்வளவு விற்றதில்லை. வேகத்தில் இதைத் தோற்கடிக்கும் கார்கள் எத்தனையோ உண்டு, ஆனால் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வளைவில் திரும்பும்போதே சிரிப்பு வரவைக்கிற கார் ரொம்பக் குறைவு.

பணத்தில் மஸ்டா எப்போதும் நூல்மேல்தான் நடந்திருக்கிறது. 1990 வாக்கில் ஜப்பானில் பணம் புரண்ட நேரத்தில் விற்பனையை ஐந்து தனித்தனி பிராண்டுகளாக விரித்து, அந்தப் பொருளாதாரக் குமிழி உடைந்ததும் நொடித்தது. 1996-ல் ஃபோர்டு தன் பங்கை மூன்றில் ஒரு பங்காக உயர்த்தி, ஹென்றி வாலஸைத் தலைவராக்கியது. ஜப்பானியக் கார் கம்பெனி ஒன்றுக்கு வெளிநாட்டவர் தலைவரானது அதுவே முதல் முறை. 2008 நெருக்கடியில் ஃபோர்டு பங்குகளை விற்க ஆரம்பித்து, 2015-க்குள் முழுக்க வெளியேறியது. தனியாக நின்ற மஸ்டா எஞ்சின், கியர்பாக்ஸ், சட்டகம் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் புதிதாக வடிவமைத்தது. அதுதான் ஸ்கைஆக்டிவ். மற்றவர்கள் சின்ன எஞ்சினும், அதற்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற டர்போவும் என்று போனபோது, இவர்கள் டர்போ இல்லாமலே பெட்ரோலை 14-க்கு 1 என்ற விகிதத்தில் அமுக்கினார்கள். அப்போது வழக்கம் 10, 11 தான். அதிகம் அமுக்கினால் நேரத்துக்கு முன்பே பற்றிக்கொள்ளும், எஞ்சின் தட்டும். எரிந்த சூடான வாயு சிலிண்டரில் தங்காமல் போகிற மாதிரி நீளமான புகைக்குழாய் போட்டு அதைச் சமாளித்தார்கள். 2012-ல் வந்த சிஎக்ஸ்-5 தான் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது. கார்களின் தோற்றம் மாறியதற்குக் காரணமானவர் இகுவோ மயெடா. முதல் ஆர்எக்ஸ்-7-ஐ வரைந்த மதசபுரோ மயெடாவின் மகன்.

ரோட்டரி என்ன ஆனது? 2012-ல் ஆர்எக்ஸ்-8 நின்ற பிறகு பதினோரு வருஷம் ஒன்றுமில்லை. 2023-ல் எம்எக்ஸ்-30 என்ற மின்சாரக் காரில், சக்கரத்தைச் சுற்றாமல் பேட்டரிக்கு மின்சாரம் மட்டும் தயாரிக்கிற 830 சிசி ஒற்றை ரோட்டராகத் திரும்பி வந்தது. ஒரே சீரான வேகத்தில் ஓடினால் போதும் என்கிற இடத்தில் அதன் குறைகள் பாதி மறைந்துவிடும், சின்ன உருவமும் அதிர்வின்மையும் அங்கே கூடுதல் லாபம். 2024 பிப்ரவரியில் 36 பொறியாளர்களோடு ரோட்டரி ஆராய்ச்சிக் குழுவை மறுபடி கூட்டியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, இலங்கையிலோ ஆஸ்திரேலியாவிலோ கனடாவிலோ இருக்கும் யாராவது பழைய ஆர்எக்ஸ்-8 ஒன்று மலிவாகக் கிடைக்கிறதே என்று கிளம்பினால் ஒரு வார்த்தை. இந்த எஞ்சின் சீலுக்கு உயவு கொடுப்பதற்காகக் கொஞ்சம் எண்ணெயைத் தானே எரிக்கும். அது பழுதில்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள், அதனால் இரண்டு மூன்று தடவை பெட்ரோல் போடுவதற்குள் ஒருமுறை எண்ணெய் அளவைப் பார்த்தாக வேண்டும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, காரை நாலு அடி நகர்த்திவிட்டு உடனே அணைக்காதீர்கள், பிளக் பெட்ரோலில் நனைந்து அடுத்த முறை ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். வாங்குவதற்கு முன் கட்டாயம் கம்ப்ரஷன் சோதனை, அதாவது அறைகள் எவ்வளவு அழுத்தம் பிடிக்கின்றன என்று பார்க்கிற சோதனை, செய்யச் சொல்லுங்கள், எஞ்சின் சூடாக இருக்கும்போது, ரோட்டரிக்கென்றே உள்ள கருவியில். சாதாரண கருவி மூன்று அறைகளில் எது அதிகமோ அதை மட்டுமே காட்டும், ஒரு சீல் போயிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது.